சுழியத்தைவிடப் பெரியது

பன்னிரண்டு கோப்புகள்.
ஒன்றின் பெயர் ‘ஜனவரி’,
அடுத்தது வெறும் ‘02’,
மூன்றாவது வந்தபோதே சொல்லிக்கொண்டு வந்தது:
‘மார்ச்_சரியானது_இதுதான்’.

அர்வாய்ஹீர் புள்ளிவிவர அலுவலகத்தில்
வெந்நீர்க் குழாய் முனகும் மூலையில் என் மேசை.
ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கு என்றேன்;
நிரல் முறைத்தது.
ஜூனில் குடும்ப எண் எழுத்தாம்,
ஜூலையில் எண்ணாம்.
0417-ம் 417-ம் ஒரே கூடாரம்தான் என்று
அதற்கு யார் எடுத்துச் சொல்வது?
ஒரு சோமில் குதிரை, ஒட்டகம், மாடு,
செம்மறி, வெள்ளாடு என ஐந்து பத்தி.
பக்கத்துச் சோமில்
ஆடெல்லாம் ஒரே பட்டி.
பிரிக்க வழியில்லை. சேர்த்தே அடைத்தேன்.

மூன்று நாள் சலித்தேன்,
நாலாம் நாள் நானே சலித்துப்போனேன்.

இயக்குநர் லுவ்சந்தாக் கேட்டது ஒரே ஓர் எண்:
மேய்ப்பர் குடும்பத்துக்குச் சராசரி எத்தனை தலை,
ஆண்டின் தொடக்கத்தில், முடிவில்.
வெள்ளிக்கிழமைக்குள்.
‘வெறும் வீடுகளை எடுத்துவிடு,
கால்நடை இல்லாதவன் என்ன மேய்ப்பன்?’
நியாயம்தானே என்று
ஒரே வரி எழுதினேன்:

வடிகட்டு: கால்நடை > 0

ஜனவரி 212.
டிசம்பர் 238.

கூடியிருந்தது.
பனி இறுகி, புல் கண்ணாடிக்குள் போய்,
மந்தைகள் நின்றபடியே செத்த ஆண்டில்
சராசரி கூடியிருந்தது.
‘பார்த்தாயா, சமாளித்துவிட்டோம்’ என்றார் அவர்,
தேநீரை ஊதிக்கொண்டே.

பிழைச் செய்தி எதுவும் இல்லை.
சிவப்பு எழுத்தில்லை, மணியடிக்கவில்லை.
எல்லாம் சரியாக நடக்கும்போது
எவ்வளவு அமைதியாக இருக்கிறது திரை.

வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கோட்டின் ஒரு கை மாட்டியாயிற்று.
வரிசைகளை எண்ணவில்லையே என்று
மற்றக் கையோடு திரும்பினேன்.
ஜனவரி: மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
டிசம்பர்: மூவாயிரத்து நூற்று நான்கு.

மீதி எண்ணூற்று இரண்டு குடும்பம்
எந்த ஓட்டை வழியாக விழுந்தது?
நான் போட்ட ஓட்டை வழியாக.

ஒன்றை மட்டும் தேடிப் பார்த்தேன்.
417, குடும்பத் தலைவர் செவெல்மா.
ஜனவரி, தொண்ணூற்றாறு.
பிப்ரவரி, எழுபத்தொன்று.
மார்ச், வெற்றிடம்: பூச்சியமல்ல,
எண்ண வந்தவரின் ஜீப் பனியைத் தாண்டவில்லை.
ஏப்ரல், நான்கு.
மே, 0.
ஜூன், 0. அதன் குறிப்புப் பத்தியில்,
யாரும் எதனோடும் இணைக்காத பத்தியில்,
ஒரு கிளார்க்கின் கை:
‘மோட்டார்சைக்கிள் மட்டும் உள்ளது.’
ஜூலை, 0. ஆகஸ்ட், 0.
செப்டம்பரில் வரிசையே இல்லை.

உலான்பாதரின் மேட்டில்
நிலக்கரிப் புகைக்குள் எங்கோ
அந்தக் கூடாரம் மறுபடி விரிந்திருக்கும்.
அங்கே அவளை எண்ணுபவர்கள்
ஆடு இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

அந்த வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு # போட்டுப் படுக்கவைத்தேன்,
பின்னால் வருபவர் பார்க்கட்டும்.
ஜனவரிப் பட்டியலை இடப்பக்கம் நிறுத்தி
டிசம்பரை அதனோடு இணைத்தேன்.
காணாமல் போனவர்களுக்கு நேரே
சுழியம் என்று எழுதினேன், உட்கார இடம் வேண்டுமே.

189.

லுவ்சந்தாக் வெகுநேரம் பார்த்தார்.
தேநீரில் பால் ஆடை கட்டியது.
‘238 அட்டவணையில் இருக்கட்டும்,
இதை அடிக்குறிப்பில் போடு’ என்றார்.
சின்ன எழுத்துதான். போட்டேன்.
‘ஏன் இரண்டு?’ என்று ஒருவராவது
தொலைபேசுவார் என்ற நப்பாசையில்
என் மேசை எண்ணையும் சேர்த்துப் போட்டேன்.

இன்று காலை புதிய ஜனவரி வந்திருக்கிறது.
பத்திகள் ஒழுங்கு, எண்கள் எண்களாகவே,
பெயர்கூடச் சுருக்கம்.
இடப்பக்கம் நிறுத்த இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

தேடல் பெட்டியில் 417 என்று அடித்தேன்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
0417.